ஃபின்னி கவுண்டியின் வாக்குகள்: தென்மேற்குக் கேன்சஸ் பயணக் குறிப்புகள்

திங்கள், ஹட்சின்சனிலிருந்து டாட்ஜ் சிட்டி வரை

ஹட்சின்சன் நகரைத் தாண்டிய பிறகு 50ஆம் எண் நெடுஞ்சாலையின் இருபுறமும் அறுவடைக்குக் காத்திருக்கும் செஞ்சோள வயல்களும், அப்போதுதான் முளைவிட்ட குளிர்காலக் கோதுமையும் மாறி மாறி வருகின்றன. நியூயார்க்குக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சமதூரத்தில், அதாவது இரண்டுக்கும் 1,561 மைல் தொலைவில் இருப்பதாகப் பலகை வைத்திருக்கும் கின்ஸ்லி என்ற சிற்றூரைக் கடந்து, ஸ்பியர்வில் காற்றாலைகளுக்கு நடுவே மாலையில் டாட்ஜ் சிட்டிக்கு வந்து சேர்ந்தேன்.

இந்தப் பயணத்துக்கு ஒரே ஒரு நோக்கம்தான். அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில், கார்டன் சிட்டியைத் தலைநகராகக் கொண்ட ஃபின்னி கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்ற உட்பிரிவு), நாட்டின் மிகப் பெரிய மாட்டிறைச்சி ஆலைகளுள் ஒன்றைத் தன் எல்லைக்குள் வைத்திருக்கிறது. அதன் அதிபர் தேர்தல் முடிவுகளைத் தாளில் படிக்கும்போது எதுவுமே நடக்காத ஊர் என்று தோன்றும். 1980 முதல் ஒவ்வொரு முறையும் குடியரசுக் கட்சிக்கே வெற்றி. அதே காலத்தில் அந்த மண்ணில் வாழ்பவர்கள் யார் என்பது ஏறத்தாழ முழுவதும் மாறிப்போயிற்று. முடிவு மாறாமலிருக்க மக்கள் மட்டும் மாறியது எப்படி என்பதை நேரில் சென்று புரிந்துகொள்ள விரும்பினேன்.

கேன்சஸ் எப்போதும் இப்படி இருந்த மாநிலமன்று. ரயில் கட்டணத்தாலும் கடனாலும் நொந்துபோயிருந்த உழவர்கள் 1892இல் மக்கள் கட்சி வேட்பாளர் ஜேம்ஸ் வீவரை இங்கே வெற்றிபெறச் செய்தார்கள்; 1896இல் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனையும் தேர்ந்தெடுத்தார்கள். 1936இல் கேன்சஸ் ஆளுநர் ஆல்ஃப் லாண்டனே குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்றபோது, சொந்த மாநிலம்கூட அவரைக் கைவிட்டு ரூஸ்வெல்ட்டுக்கு வாக்களித்தது. அவர் வென்றவை மெய்ன், வெர்மான்ட் என்ற இரண்டு மாநிலங்கள் மட்டுமே. 1964இல் லிண்டன் ஜான்சன் வென்றதற்குப் பிறகுதான் அதிபர் தேர்தலில் இந்த மாநிலத்தின் கதவு ஜனநாயகக் கட்சிக்கு மொத்தமாக அடைபட்டது.

செவ்வாய், டாட்ஜ் சிட்டி

ஃபோர்டு கவுண்டியின் தலைநகரமான டாட்ஜ் சிட்டியில் சுற்றுலாப் பயணிகள் பார்ப்பது பூட் ஹில் அருங்காட்சியகத்தையும் பழைய ஃப்ரண்ட் தெருவையும். 1870களின் நடுவிலிருந்து சுமார் பத்தாண்டுகள், டெக்சாஸிலிருந்து நீண்ட கொம்பு மாடுகள் இங்கு நடத்தியே கொண்டுவரப்பட்டு, உயிருடன் ரயிலேறி சிகாகோ போன்ற பெருநகரங்களுக்குச் சென்றன. மாட்டு நோய்க்கு அஞ்சி 1885இல் மாநிலம் டெக்சாஸ் மாடுகளுக்குத் தடை விதித்ததும் அந்தக் காலம் முடிந்தது. நூறாண்டு கழித்து அதே ஊருக்கு மாடு வேறு வடிவத்தில் திரும்பி வந்தது. இன்று நகரின் விளிம்பில் கார்கில், நேஷனல் பீஃப் ஆகிய இரு நிறுவனங்களின் ஆலைகள் இயங்குகின்றன. அவற்றில் உழைப்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும் வந்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள்.

நான் பார்க்க விரும்பியது அருங்காட்சியகத்தையன்று, நகரின் தெற்கே ரயில் பாதையைத் தாண்டியிருக்கும் எக்ஸ்போ மையத்தை. 2018 நவம்பர் தேர்தலில் டாட்ஜ் சிட்டி முழுமைக்கும் இருந்த ஒரே வாக்குச்சாவடி இதுதான். ஏறத்தாழ 13,000 வாக்காளர்களுக்கு ஒரு சாவடி என்ற நிலை அதற்கு முன்பே பல ஆண்டுகளாக இருந்துவந்தது. ஆனால் அது நகரின் மையத்தில், நடந்து சென்றடையக்கூடிய இடத்தில் இருந்தது. கட்டுமானப் பணி நடக்கவிருப்பதாகக் காரணம் சொல்லி, அவ்வாண்டு சாவடியை நகர எல்லைக்கு வெளியே மாற்றினார்கள். அருகிலுள்ள பேருந்து நிறுத்தத்திலிருந்து ஒரு மைலுக்கு மேல். நடைபாதை கிடையாது. சரக்கு ரயில் குறுக்கே நின்றால் காத்திருக்க வேண்டும். ஏசிஎல்யூ என்ற குடிமக்கள் உரிமைப் பாதுகாப்பு அமைப்பு வழக்குத் தொடுத்தது. தேர்தல் நெருங்கிவிட்டதால் நீதிமன்றம் உடனடியாகத் தலையிட மறுத்தது. நாடெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு, அடுத்த ஆண்டு முதல் இரண்டு சாவடிகள் திறக்க கவுண்டி ஒப்புக்கொண்டது.

அந்த மையத்தின் வாகன நிறுத்தத்திலிருந்து நகரத்தை நோக்கி நடந்து பார்த்தேன். சாலையோரம் புல்லும் சரளையும்தான். கனரக வண்டிகள் தோளை உரசுவதுபோல் கடந்து செல்கின்றன. கேன்சஸில் வாக்குச்சாவடிகள் வழக்கமாகக் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை திறந்திருக்கும். ஆலையில் பகல் ஷிஃப்ட் செய்பவர் விடியுமுன்பே கிளம்பிப் பிற்பகலில் வீடு திரும்புகிறார். பிற்பகலில் வேலைக்குச் செல்பவர் நள்ளிரவில் திரும்புகிறார். வீட்டில் ஒரே கார் இருந்து, அது மனைவியின் ஷிஃப்ட்டுக்குச் சென்றிருந்தால் இந்தச் சாலையில்தான் அவர் நடந்திருக்க வேண்டும். முன்கூட்டியே வாக்களிக்கும் வசதி இருக்கிறது என்பது உண்மை. ஆனால் வாக்களிப்பது பல தலைமுறைப் பழக்கமாகிவிட்ட குடும்பங்களே அதை எளிதில் பயன்படுத்துகின்றன.

ஃபோர்டு கவுண்டியின் முடிவுகளை இந்தச் சாவடி ஒன்றே தீர்மானித்தது என்று நான் சொல்லவில்லை. இங்கு குடியரசுக் கட்சி பெறும் பெரும்பான்மை மிகப் பெரியது. சாவடி எங்கிருந்தாலும் வெற்றி அதற்கே கிடைத்திருக்கும். என் கவலை வேறு. யார் வெல்கிறார் என்பதைவிட, வென்றவர் யாருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதைத்தான் சாவடி இருக்கும் தூரம் தீர்மானிக்கிறது.

புதன், கார்டன் சிட்டி, ஹால்கோம்ப்

டாட்ஜ் சிட்டியிலிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்குள் கார்டன் சிட்டி வந்துவிடுகிறது. ஊர் கண்ணுக்குத் தெரியுமுன் மாட்டுப் பட்டிகளின் மணம் வந்து சேர்கிறது. கேன்சஸில் மனிதர்களைவிட மாடுகள் இரு மடங்குக்கு மேல். அதன் காரணத்தை இந்தக் கவுண்டியில் கண்ணால் பார்க்கலாம். ஓகலாலா என்னும் மாபெரும் நிலத்தடி நீர்ப்படுகையிலிருந்து உறிஞ்சிய நீரை வட்டமாகச் சுற்றிவரும் நீண்ட குழாய்கள் வயலில் தெளிக்கின்றன. அந்த நீரில் விளைந்த சோளம் மாட்டுத் தீவனமாகிறது. 1951இல் ஏர்ல் புரூக்கோவர் என்பவர் இங்கே பெரிய அளவில் வணிகத் தீவனப் பட்டியைத் தொடங்கினார். அதைப் பின்பற்றி ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான மாடுகளை அடைத்துக் கொழுக்கவைக்கும் பட்டிகள் பெருகின.

நீரும் தீவனமும் மாடும் ஓரிடத்தில் சேர்ந்த பிறகு ஆலை வருவது காலத்தின் கேள்வியாக மட்டுமே இருந்தது. 1960இல் அயோவாவில் தொடங்கப்பட்ட ஐபிபி நிறுவனம், மாட்டை நகரத்துக்கு அனுப்பும் பழைய முறையைத் தலைகீழாக்கியது. மாடு வளரும் நாட்டுப்புறத்திலேயே அதை அறுத்து, துண்டுகளாக்கிப் பெட்டியில் அடைத்து அனுப்பினால் எலும்பையும் கொழுப்பையும் சுமக்கும் செலவு மிச்சம். தேர்ந்த கசாப்புக்காரர்களும் தேவையில்லை, ஒருவர் ஒரே வெட்டை நாள் முழுவதும் வெட்டினால் போதும். பெருநகரத் தொழிற்சங்கங்களின் வலிமையும் அதனோடு சரிந்தது. சராசரித் தொழிற்சாலை ஊதியத்தைவிட உயர்வாக இருந்த இறைச்சித் தொழிலாளர் ஊதியம் 1980களில் அதற்குக் கீழே இறங்கியது. சிகாகோவின் புகழ்பெற்ற மாட்டுச் சந்தை 1971இல் மூடப்பட்டது. 1980 டிசம்பரில் கார்டன் சிட்டிக்குப் பக்கத்து ஊரான ஹால்கோம்ப் அருகே ஐபிபியின் ஆலை திறக்கப்பட்டது. 2001இல் அதை டைசன் நிறுவனம் வாங்கியது.

திறக்கப்பட்ட மாதத்தைக் கவனிக்க வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்புதான் குடியரசுக் கட்சியின் ரொனால்டு ரேகன் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்.

ஃபின்னி கவுண்டியில் கடைசியாக வென்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜிம்மி கார்ட்டர், 1976இல், குறுகிய வித்தியாசத்தில். எதிரணியின் துணை அதிபர் வேட்பாளர் கேன்சஸைச் சேர்ந்த பாப் டோல் என்பதை நினைத்தால் அந்த வெற்றி வியப்பளிக்கிறது. கோதுமை விலை வீழ்ந்துகொண்டிருந்த நேரம் அது. சோவியத் நாட்டுக்குத் தானியம் விற்பதை அப்போதைய அதிபர் ஜெரால்டு ஃபோர்டின் அரசு 1975இல் நிறுத்திவைத்ததை உழவர்கள் மறக்கவில்லை, கடலை பயிரிட்ட கார்ட்டர் தங்கள் கஷ்டத்தை அறிவார் என்றும் நம்பினார்கள். ஆனால் ஆப்கானிஸ்தான் படையெடுப்பைக் கண்டித்து 1980 ஜனவரியில் கார்ட்டரே சோவியத்துக்குத் தானிய ஏற்றுமதியைத் தடை செய்தார். அவ்வாண்டு நவம்பரில் கவுண்டி ரேகன் பக்கம் சென்றது. அதற்குப் பிறகு திரும்பி வரவில்லை.

இன்று காலை தானியக் கூட்டுறவுச் சங்கத்துக்கு எதிரேயுள்ள உணவகத்தில் ஒரு முதிய உழவரோடு பேச வாய்த்தது. 1976இல் தான் முதன்முறையாகக் கார்ட்டருக்கு வாக்களித்ததையும், 1980இல் களஞ்சியத்தில் கோதுமை கிடக்கக் கிடக்க விலை இறங்கியதையும் நேற்று நடந்ததுபோல் விவரித்தார். பிறகு கடன் சுமையில் பண்ணைகள் ஏலம் போன 1980களிலும் ஏன் கட்சி மாறவில்லை என்று கேட்டேன். அதற்குள் கருக்கலைப்பும் துப்பாக்கி உரிமையும் வரியும் தேர்தல் பேச்சாகிவிட்டன, கோதுமையைப் பற்றி எந்தக் கட்சியும் பேசவில்லை என்றார். இந்தச் சமவெளியின் நாற்பதாண்டு அரசியலைப் பற்றி நான் கேட்டவற்றில் இதைவிடத் தெளிவான விளக்கம் வேறில்லை.

வியாழன், கார்டன் சிட்டி

1980இல் இந்தக் கவுண்டியின் மக்கள்தொகை 23,825. 1990இல் 33,070. 2000இல் 40,523. ஆலை திறந்த இருபது ஆண்டுகளில் மக்கள் ஏறத்தாழ முக்கால் பங்கு கூடிவிட்டார்கள். சர்க்கரைக்கிழங்கு வயல்களுக்காகவும் சாண்டா ஃபே ரயில்பாதைக்காகவும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மெக்சிகோ குடும்பங்கள் இங்கு குடியேறியிருந்தன. அவர்களுக்குப் பிறகு வியட்நாம் அகதிகளும், மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் புதிய தொழிலாளர்களும், இந்த நூற்றாண்டில் சோமாலியர்களும் பர்மியர்களும் வந்தார்கள். இன்று மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளியினர். முதன்மைச் சாலையில் ஒரு மைல் நடந்தால் வியட்நாம் உணவகம், மெக்சிகோ ரொட்டிக்கடை, சோமாலிய மளிகைக்கடை என்று வரிசையாக வருகின்றன.

2020 கணக்கெடுப்பில் இங்கு வாழ்ந்தவர்கள் 38,470 பேர். அவ்வாண்டு அதிபர் தேர்தலில் பதிவான வாக்குகள் சுமார் 12,000. இந்த இடைவெளியில்தான் நான் தேடிவந்த விடை இருக்கிறது. ஆலைக்கு வரும் ஒருவர் முதலில் வேலை அனுமதியோடு வருகிறார். கிரீன் கார்டு பெற்றபின் பொதுவாக ஐந்தாண்டு கழித்தே குடியுரிமை கோரலாம். அதற்கு ஆங்கிலத் தேர்வும் கட்டணமும் உண்டு. கத்தி பிடித்துப் பிடித்துக் கை மரத்துப்போகும் வேலையில் பலர் நிலைப்பதில்லை. வேறு மாநிலத்து ஆலைக்குப் போய்விட்டால் வாக்காளர் பதிவை மறுபடி தொடங்க வேண்டும். ஆவணமில்லாதவர்களுக்கு இந்தப் பாதையே கிடையாது. பிள்ளைகள் பிறப்பால் குடிமக்கள், ஆனால் பதினெட்டு வயது வரை காத்திருக்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கில் அனைவரும் ஒன்றாக எண்ணப்படுகிறார்கள், வாக்குக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கினர்கூட வருவதில்லை. கவுண்டியின் தேர்தல் வரலாறு என்று நாம் படிப்பது, ஆலை வருமுன்பே வேரூன்றியிருந்த குடும்பங்களின் வரலாறாகவே பெரிதும் இருக்கிறது.

சட்டமும் இடையில் ஒரு தடையைச் சேர்த்தது. 2013 முதல், புதிதாகப் பதிவு செய்பவர் குடியுரிமைக்கு ஆவணச் சான்று காட்ட வேண்டும் என்று கேன்சஸ் கட்டாயமாக்கியது. மாநிலம் முழுவதும் 30,000க்கு மேற்பட்டோரின் விண்ணப்பங்கள் முடங்கின. 2018 ஜூனில் ஒன்றிய நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிப்படுத்தியது. முடக்கப்பட்டவர்களில் பலர் இங்கேயே பிறந்த இளைஞர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து அனுப்புவது எவருக்கும் வேலைதான்.

இதே ஊரில் 2016 தேர்தலையொட்டி நடக்கவிருந்த கொடுமையை இங்கு எழுதாமலிருக்க முடியாது. சோமாலியர்கள் வாழ்ந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பையும், அதிலுள்ள தொழுகைக்கூடத்தையும் வெடிவைத்துத் தகர்க்க அண்டைப் பகுதியைச் சேர்ந்த மூவர் திட்டமிட்டார்கள். குறித்திருந்த நாள் வாக்குப்பதிவுக்கு மறுநாள். எஃப்பிஐ அக்டோபரிலேயே அவர்களைக் கைது செய்தது. 2018 ஏப்ரலில் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, 2019 ஜனவரியில் மூவருக்கும் 25 முதல் 30 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. விச்சிட்டாவில் நடந்த அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் வழக்கறிஞர்கள் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள்: மேற்குக் கேன்சஸ் கிராமப்புறத்தவர் ட்ரம்புக்கு மிக அதிகமாக வாக்களித்தவர்கள், எனவே ஜூரிகளில் அவர்களும் இடம்பெற வேண்டும் என்று. நீதிபதி ஏற்கவில்லை. ஏற்காததில் எனக்கு மகிழ்ச்சி. ஒரு கவுண்டியின் வாக்கு எண்ணிக்கையைக் கொண்டு அதன் மக்கள் கொலைத்திட்டத்தைப் புரிந்துகொள்வார்கள் என்று வாதிட்டது, இந்த ஊருக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பு. ட்ரம்புக்கு வாக்களித்த இதே ஊரின் தேவாலயங்களும் பள்ளிகளும் நாற்பதாண்டுகளாக அகதிக் குடும்பங்களுக்கு ஆங்கிலம் கற்பித்தும் வீடு பிடித்துக் கொடுத்தும் வந்திருக்கின்றன. இரண்டும் ஒரே மனிதர்களின் செயல்கள்.

ஆலையின்றி இங்கு எதுவும் நிற்காது என்பதையும் ஊர் அறிந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் இங்கிருந்த இன்னொரு இறைச்சி ஆலையான கான்அக்ரா ஆலை எரிந்தபோது இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலையிழந்தார்கள். அந்த ஆலை மீண்டும் திறக்கப்படவேயில்லை. அடுத்த பத்தாண்டில் கவுண்டியின் மக்கள்தொகை 36,776ஆகக் குறைந்தது. 2019 ஆகஸ்டில் டைசன் ஆலையில் தீப்பிடித்தபோது ஊரே கலங்கியது. டிசம்பரில் மாடறுப்பு மீண்டும் தொடங்கிய பிறகே நிம்மதி திரும்பியது. அதற்குச் சில மாதங்களில் கொரோனா. ஃபின்னி, ஃபோர்டு, சீவர்டு ஆகிய மூன்று ஆலைக் கவுண்டிகளிலும் தொற்று வேகமாகப் பரவிய 2020 ஏப்ரல் 28ஆம் நாள், இறைச்சி ஆலைகள் தொடர்ந்து இயங்க வேண்டும் என்று அதிபர் ட்ரம்ப் நிர்வாக ஆணை பிறப்பித்தார். மாடு விற்பவருக்கு அது வாழ்வளித்த ஆணை. தோளோடு தோள் நின்று வெட்டுபவருக்கு அச்சத்தோடு வேலைக்குப் போக வைத்த ஆணை. ஆறு மாதம் கழித்து நவம்பரில் வாக்களிக்கும் உரிமை பெற்றிருந்தவர்களில் முதல் வகையினரே மிகுதி.

வெள்ளி, லிபரல்

83ஆம் எண் சாலையில் தெற்கே இறங்கி, ஓக்லஹோமா எல்லையை ஒட்டியுள்ள லிபரலுக்கு வந்தேன். சீவர்டு கவுண்டியின் தலைநகர். இங்கும் நேஷனல் பீஃப் ஆலை. ஹிஸ்பானிக் மக்கள் பாதிக்கும் மேல். நகரில் அதிக நேரம் தங்கவில்லை; மதிய உணவு வேளையில் ஒருவரோடு நடந்த பேச்சு மட்டும் எழுதத் தகுந்தது.

ரேகன் கையெழுத்திட்ட 1986 குடியேற்றச் சட்டத்தின்கீழ் ஆவணம் பெற்று, ஆலையில் வேலை பார்த்து, 1990களில் குடிமகனாகி ஓய்வுபெற்றவர் அவர். அன்று முதல் ஒரு தேர்தலையும் தவறவிட்டதில்லையாம். 2024இல் ட்ரம்புக்கு வாக்களித்ததாகத் தயக்கமின்றிச் சொன்னார். மளிகை விலையும் டீசல் விலையும் ஒரு காரணம், தான் செல்லும் தேவாலயம் இன்னொரு காரணம், வரிசையில் நின்று காகிதம் வாங்கியவனுக்கு மரியாதை வேண்டும் என்பது மூன்றாவது. அவருடைய மகள் ஆசிரியை. அவர் எதிர்ப்பக்கம் வாக்களித்தாராம். இருவரும் ஒரே காரில் வாக்குச்சாவடிக்குச் சென்றிருக்கிறார்கள்.

குடியேறியவர்களின் பிள்ளைகள் வாக்காளர் ஆனதும் இத்தகைய கவுண்டிகள் தாமாகவே ஜனநாயகக் கட்சிக்கு மாறிவிடும் என்று பல ஆண்டுகளாகச் சிலர் எழுதிவந்தார்கள். 2004இல் ஃபின்னியில் புஷ் 70 சதவீதத்துக்கு மேல் பெற்றார். 2016இலும் 2020இலும் ட்ரம்பின் பங்கு அதைவிடக் குறைவு என்பதால் அந்தக் கணிப்பு நடந்தேறுவதுபோல் ஒரு கட்டத்தில் தோன்றியது. 2024இல் நாடெங்கும் ஹிஸ்பானிக் வாக்குகள் கணிசமாக ட்ரம்ப் பக்கம் நகர்ந்தன. டெக்சாஸ் எல்லையிலுள்ள ஸ்டார் கவுண்டி நூறாண்டுக்கு மேல் கழித்து முதன்முறையாகக் குடியரசுக் கட்சிக்குச் சென்றது. ஃபின்னி, ஃபோர்டு, சீவர்டு மூன்றிலும் 2016 முதல் ஒவ்வொரு முறையும் பத்தில் ஆறு பங்குக்குக் குறையாமல் ட்ரம்புக்கே கிடைத்திருக்கிறது.

எனக்கு இதில் கட்சி மாறுமா என்பதைவிடப் பெரிதாகத் தெரிவது வாக்களிப்போர் எண்ணிக்கைதான். அந்த ஓய்வுபெற்ற தொழிலாளியின் வாக்கு குடியரசுக் கட்சிக்குச் சென்றாலும், மகளுடையது ஜனநாயகக் கட்சிக்குச் சென்றாலும், ஆலையின் ஒரு குடும்பத்திலிருந்து இரண்டு வாக்குகள் கணக்கில் ஏறியிருக்கின்றன. அவருடன் ஒரே வரிசையில் நின்று வெட்டியவர்களில் எத்தனை பேர் வாக்களிக்கிறார்கள் என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்; ஒரு கையைத் தாண்டவில்லை. சிலர் கிரீன் கார்டோடு நின்றுவிட்டார்கள், சிலர் நெப்ராஸ்காவுக்கும் டெக்சாஸுக்கும் போய்விட்டார்கள், இருவர் குடியுரிமை பெற்றும் பதிவு செய்யவில்லை. அந்த இருவரையும் 2028க்கு முன் கவுண்டி அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லப்போவதாகச் சொன்னார். யாருக்கு வாக்களிப்பார்கள் என்று தான் கேட்கப்போவதில்லை என்றும் சொன்னார்.